கை பழகும் வகுப்பு: சமூகப் பட்டறையில் செய்முறைப் பயிற்சி நடத்துவது எப்படி?

எங்கள் பட்டறையில் முதன்முதலாக நடத்திய சால்டரிங் (மின்பாகங்களை உருக்கிய ஈயத்தால் ஒட்டும் வேலை) வகுப்புக்கு 26 பேர் வந்திருந்தார்கள். சால்டரிங் அயனோ நான்குதான் இருந்தது. சொல்லிக்கொடுத்தவர் தொழிலை நன்கு அறிந்தவர், வந்தவர்களும் ஆர்வமாகத்தான் இருந்தார்கள். ஆனாலும் மூன்று மணி நேரத்தின் முடிவில் ஈயத்தைத் தம் கையால் உருக்கிப் பார்த்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. மற்றவர்கள் முன்னால் நின்றவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லிக் கிளம்பினார்கள். அவர்களில் மிகச் சிலரே மறுபடி எங்கள் வாசலுக்கு வந்தார்கள். அன்றைய தவறு முழுவதும் ஏற்பாடு செய்த என்னுடையது. அதற்குப் பிறகு எந்த வகுப்பைத் திட்டமிட்டாலும் நான் கைகளை எண்ணித்தான் தொடங்குகிறேன். எத்தனை கருவிகள் இருக்கின்றனவோ அத்தனை கைகளுக்குத்தான் வகுப்பு. இடம் இருக்கிறது என்பதற்காக ஒரு நாற்காலியைக்கூடக் கூடுதலாகப் போடுவதில்லை. இந்தக் கட்டுரையில் வரும் மற்ற எல்லா ஏற்பாடுகளும் அந்த ஒரு கணக்கிலிருந்து பிறந்தவையே.

மேக்கர்ஸ்பேஸ் என்று இப்போது அழைக்கப்படுவது, பலர் சேர்ந்து வாடகையையும் கருவிச் செலவையும் பகிர்ந்துகொள்ளும் பொதுப் பட்டறை. ஒருவர் தனியாக வாங்க இயலாத லேசர் கட்டரும், தினமும் தேவைப்படாத டிரில்லிங் இயந்திரமும் அங்கே எல்லாருக்கும் கிடைக்கும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான ஃபேப் லேப் என்னும் பொதுப் பட்டறை முறை அந்தக் கழகத்துக்கு வெளியே முதலில் வேர் பிடித்த இடங்களில் ஒன்று, 2002-இல், புனேவுக்கு அருகே பாபல் கிராமத்திலுள்ள விஞ்ஞான் ஆசிரமம். நம் ஊர்ப் பள்ளிகளிலும் 2016-இல் தொடங்கப்பட்ட அடல் புத்தாக்கத் திட்டத்தின் வழியாக அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் என்னும் செய்துபார்க்கும் கூடங்கள் வந்திருக்கின்றன. ஆகவே இன்று வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் சிலர் முப்பரிமாண அச்சு இயந்திரத்தை ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். பார்த்திருப்பதற்கும் தொட்டிருப்பதற்கும் உள்ள தூரத்தைக் கடக்க உதவுவதுதான் நம் வேலை.

எதைச் செய்யப்போகிறோம்?

வகுப்பின் தலைப்பை முடிவு செய்வதற்கு முன்பு, வந்தவர் வீட்டுக்கு எடுத்துப்போகும் பொருளை முடிவு செய்யுங்கள். "எலெக்ட்ரானிக்ஸ் அறிமுகம்" என்று ஒரு வகுப்பை அறிவித்தால் அது விரிவுரையாகத்தான் முடியும். "மாறி மாறி மின்னும் இரண்டு விளக்குகள்" என்று அறிவித்தால், விளக்கு மின்னினால் ஒழிய வகுப்பு முடியாது என்பது சொல்லிக்கொடுப்பவருக்கும் வருபவருக்கும் ஒருசேரத் தெரிந்துவிடும்.

அந்த மின்னும் விளக்கையே எடுத்துக்கொள்வோம், ஏனெனில் முதல் சால்டரிங் வகுப்புக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் இன்னும் காணவில்லை. 1972-இல் விற்பனைக்கு வந்து இன்றுவரை சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் உடனே எடுத்துக் கொடுக்கும் 555 டைமர் ஐ.சி. (நேரத்தைக் கணக்கிட்டு விளக்கை மின்னவைக்கும் சில்லு) ஒன்று, அதைச் செருக எட்டுக் கால் பேஸ் ஒன்று, ரெசிஸ்டர் நான்கு, 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, எல்.இ.டி. இரண்டு, 9 வோல்ட் பேட்டரியும் அதன் கிளிப்பும், தடம் அச்சிட்ட சிறிய போர்டு ஒன்று. இவ்வளவுதான் பொருள்கள். நேரத்தைத் தீர்மானிக்கும் இரண்டு ரெசிஸ்டர்களும் 1 கிலோ ஓமும் 47 கிலோ ஓமுமாக இருந்தால், ஒரு முறை மின்னி முடிய ஏறத்தாழ முக்கால் நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். 10 மைக்ரோஃபாரட் இருக்கும் இடத்தில் 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை வைத்தால் அது மூன்று நொடியாக நீளும். இந்த மாற்றத்தை வந்தவரே செய்து, விளக்கு நிதானமாவதைக் கண்ணால் பார்க்கும்போது, கெப்பாசிட்டர் என்பது மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் பொருள் என்பதைத் தனியாக விளக்கத் தேவையில்லாமல் போகிறது.

இந்தப் போர்டில் ஈயம் வைக்க வேண்டிய இடங்களை எண்ணினால் சரியாக 24 வரும்: பேஸுக்கு எட்டு, ரெசிஸ்டர்களுக்கு எட்டு, கெப்பாசிட்டருக்கு இரண்டு, எல்.இ.டி.களுக்கு நான்கு, பேட்டரி கிளிப்புக்கு இரண்டு. இருபத்து நான்கு என்பது ஒரு வகுப்புக்கு அளவான எண். முதல் ஐந்தாறு இடங்கள் அலங்கோலமாக இருக்கும். பத்தாவதில் கை நடுங்குவது நிற்கும். இருபதுக்கு மேல் வைத்தவை, அதே கைதான் வைத்ததா என்று கேட்கும்படி இருக்கும். இரண்டு மூன்று இடங்களில் மட்டும் ஈயம் வைக்கச் சொல்லும் வகுப்பில் கை பழகுவதற்கு வாய்ப்பே இல்லை. நூறு இடங்கள் இருந்தால் களைப்பும் சலிப்பும் வந்துவிடும்.

பொருள்களை வாங்கும்போது பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு என்று வாங்காமல் பதினான்காக வாங்குங்கள், எல்.இ.டி.யை மட்டும் இரட்டிப்பாக வாங்குங்கள். காலை மாற்றிப் பொருத்திக் கழற்றும்போது அவைதான் அதிகம் வீணாகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் ரிச்சி தெருவில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால், ஞாயிறு வகுப்புக்கு வேண்டியதை வியாழக்கிழமைக்குள் வாங்கி, வெள்ளியன்று ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு உறையாகப் பிரித்து வைத்துவிட வேண்டும். உறையின் மேல் உள்ளே இருப்பவற்றின் எண்ணிக்கையைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். வந்தவர் முதல் வேலையாக அந்தப் பட்டியலோடு தம் உறையைச் சரிபார்ப்பார். பொருள்களின் பெயர்கள் அப்போதே அவர் வாயில் வந்துவிடும்.

ஒத்திகை

வகுப்புக்கு ஒரு வாரம் முன்பு, அந்தத் தொழிலைச் சற்றும் அறியாத ஒருவரை அழைத்து உட்காரவைத்து, முழு வகுப்பையும் அவருக்கு நடத்திப் பாருங்கள். பொறியியல் படித்த நண்பரை வைத்து ஒத்திகை பார்ப்பதில் பயனில்லை. அவர் நீங்கள் சொல்லாமல் விட்டதையும் தாமே நிரப்பிக்கொள்வார். எங்களுக்கு ஒத்திகைக்கு உட்கார்ந்தவர் பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா. "எந்தக் கால் நீளம்னு சொன்னீங்க, வெட்டினதுக்கு அப்புறம் எப்படித் தம்பி கண்டுபிடிக்கிறது?" என்று அவர் கேட்ட பிறகுதான், எல்.இ.டி.யின் விளிம்பில் தட்டையாக இருக்கும் பக்கம் நெகட்டிவ் என்பதை நாங்கள் சொல்லவே இல்லை என்று தெரிந்தது. அன்றிலிருந்து அது எங்கள் குறிப்பின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

ஒத்திகையில் ஆன நேரத்தை இரண்டால் பெருக்குங்கள். பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புக்கு அதுதான் உண்மையான நேரம். இரண்டரை மணி நேரத்துக்குள் அடங்கவில்லை என்றால் பொருளைச் சுருக்குங்கள், அல்லது இரண்டு வாரங்களாகப் பிரியுங்கள். விளக்கத்தைச் சுருக்கிக்கொள்ளலாம், கை வேலைக்கு உரிய நேரத்தில் ஒரு நிமிடத்தையும் குறைக்கக் கூடாது.

அறையும் மின்சாரமும்

பன்னிரண்டு பேருக்கு ஆறு மேசைகள் போதும். மேசை ஒன்றுக்கு இருவர் எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும், ஏனெனில் எதிரில் இருப்பவரின் கை வேலை தலைகீழாகத்தான் தெரியும். உதவியாளர் சுற்றி வருவதற்கு நாற்காலிகளுக்குப் பின்னால் ஓர் ஆள் நடக்கும் இடம் வேண்டும். சொல்லிக்கொடுப்பவரின் கைக்கு மேல் ஒரு கைப்பேசியைத் தாங்கியில் மாட்டி, அதன் படத்தைத் தொலைக்காட்சித் திரையில் காட்டிவிட்டால், யாரும் எழுந்து வந்து சுற்றி நிற்க வேண்டியதில்லை.

மின்சாரக் கணக்கை முன்கூட்டியே போட்டுப் பாருங்கள். 25 வாட் அயன் பன்னிரண்டும் சேர்ந்து 300 வாட்தான். 6 ஆம்ப் பிளக் ஒன்றிலேயே 230 வோல்ட்டில் 1380 வாட் வரை எடுக்கலாம் என்பதால் அதில் சிக்கல் இல்லை. ஆனால் அதே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் யாராவது சூடான காற்றை வீசும் 1800 வாட் ஹீட் கன்னையோ தேநீர்க் கெட்டிலையோ செருகினால் பெட்டி சூடேறி உருகத் தொடங்கும். அவற்றுக்கு 16 ஆம்ப் பிளக் தனியாக இருக்க வேண்டும். இரண்டு முனை பிளக் கொண்ட மலிவான அயன்களில் எர்த் இணைப்பு இருக்காது. மூன்று முனை உள்ளதையே வாங்குங்கள். மெயின் பெட்டியில், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, வகுப்புக்கு முன் அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கி அது விழுகிறதா என்று சோதியுங்கள். வியர்த்த கையோடு வேலை செய்யும் ஊர் நம்முடையது. இந்த ஒரு கருவிக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

சால்டரிங் புகையை மின்விசிறியால் மேலிருந்து அடித்தால் அது அறை முழுவதும் பரவும். ஜன்னலில் ஒரு வெளியேற்று விசிறியை வைத்துப் புகையை வெளியே இழுக்கவிடுங்கள்; தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரக் காரணமாவது அந்தப் புகையிலுள்ள ரோசின்தான். ஈயத்தைக் கையால் தொட்டவர் எவரும் சோப்புப் போட்டுக் கழுவாமல் பஜ்ஜியைத் தொடக் கூடாது என்பதால், தேநீர் மேசையை அறைக்கு வெளியே, கை கழுவும் குழாயைத் தாண்டித்தான் போட வேண்டும். வழியே அப்படி அமைந்துவிட்டால் யாருக்கும் நினைவூட்ட வேண்டியிராது.

அறிவிப்பு

வாட்ஸ்அப்பில் போகும் அறிவிப்பில் நான்கு விஷயங்கள் தெளிவாக இருந்தால் போதும்: என்ன செய்வோம், எதை எடுத்துப்போவோம், எந்த வயதினர் வரலாம், என்ன உடுத்தி வர வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நம் வழக்கப்படி யார் வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைவோம். பட்டறையில் மட்டும் அந்த மரியாதை வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். உருகிய ஈயம் ஒரு துளி வெறுங்காலில் விழுந்தால் போதும், அவருக்கு அன்றைய வகுப்பு முடிந்துவிட்டது. மூடிய காலணி, பருத்தி உடை, பின்னிக் கட்டிய கூந்தல் என்று எழுதுங்கள். துப்பட்டாவைப் பின்னால் முடிந்துகொள்ள வேண்டும் என்றும் எழுதுங்கள்.

முழுவதும் இலவசம் என்றால் பெயர் கொடுத்தவர்களில் பலர் வருவதில்லை, வராதவரின் கருவி சும்மா கிடக்கும், இடம் கிடைக்காமல் போனவர் வீட்டில் இருப்பார். பொருட்செலவையாவது முன்பணமாக வாங்குங்கள். அதே சமயம் பன்னிரண்டு இடங்களில் இரண்டை மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்குக் கட்டணமின்றி ஒதுக்கி வையுங்கள்; யார் பணம் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது வகுப்பில் ஒருவருக்கும் தெரியக் கூடாது. சால்டரிங்குக்குப் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களை நான் சேர்ப்பதில்லை. பதினெட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோரின் கையெழுத்து வேண்டும்.

நாள் குறிக்கும்போது ஊரின் பருவத்தைப் பாருங்கள். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் வகுப்பு வைத்தால் மாற்று நாளையும் அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை நம் பகுதிக்கு உண்டா என்று முந்தைய நாள் செய்தித்தாளைப் பாருங்கள். மார்ச் மாதம் பொதுத்தேர்வு, பிள்ளைகள் வர மாட்டார்கள். மே மாதம் விடுமுறை, கூட்டம் வரும், ஆனால் கத்திரி வெயிலில் பிற்பகல் வகுப்பு யாருக்கும் ஏறாது, காலை ஒன்பது மணிக்கே தொடங்கிவிட வேண்டும். பொதுமக்களுக்குப் பட்டறையைத் திறந்து காட்ட ஆயுத பூஜையைவிடச் சிறந்த நாள் கிடையாது. கருவிகளைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் இட்டு வைத்திருக்கும் அன்றைக்கு, தெருவில் உள்ளவர்கள் தயக்கமில்லாமல் உள்ளே வந்து, ஒவ்வொன்றையும் காட்டி இது எதற்கு என்று கேட்பார்கள். பூஜைக்கு வைத்த கருவியை அன்று எடுத்து வேலை செய்வதில்லை என்பது பல தொழிலாளர்களின் வழக்கம். அதை மதித்து, செய்முறை வகுப்பை மறுநாள் விஜயதசமிக்கு வையுங்கள். புதிதாக ஒன்றைக் கற்கத் தொடங்க அதுவே உகந்த நாளென்று எல்லாரும் கருதுவார்கள்.

வகுப்பு நடக்கும்போது

தொடங்கிய பத்து நிமிடத்துக்குள் எல்லார் கையிலும் அயன் இருக்க வேண்டும். வரலாறு, கொள்கை, சூத்திரம் எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு வீணான போர்டில் மூன்று முறை ஈயம் வைத்துப் பழகச் சொல்லுங்கள். முறை இதுதான்: அயனின் நுனியை ஈரப் பஞ்சில் ஒரு முறை துடைத்து, போர்டின் செம்பு வட்டத்தையும் பொருளின் காலையும் ஒரே நேரத்தில் தொடும்படி வைத்து, இரண்டு நொடி சூடேற்ற வேண்டும். பிறகு ஈயக் கம்பியை அயனின் நுனியில் வைக்காமல், சூடான அந்தச் சேர்க்கையில் வைக்க வேண்டும். அறுபத்து மூன்று பங்கு வெள்ளீயமும் முப்பத்தேழு பங்கு காரீயமும் கலந்த கம்பி 183 டிகிரி செல்சியஸில் உருகும். அயன் நுனி 350 டிகிரியை ஒட்டி இருப்பதால், கம்பி பட்டவுடன் தண்ணீர்போல ஓடி வட்டத்தைச் சுற்றிப் படியும். முதலில் கம்பியை எடுத்து, அடுத்து அயனை எடுத்து, அது உறையும்வரை போர்டை அசைக்காமல் இருக்க வேண்டும். சரியாக வைத்தது அடி அகன்று மேலே குறுகி, சிறு கோபுரம்போலப் பளபளப்பாக நிற்கும். சூடு போதாமல் வைத்தது பாசிமணிபோல உருண்டு, வட்டத்தில் ஒட்டாமல் காலின் மேல் மட்டும் உட்கார்ந்திருக்கும். இந்த இரண்டையும் பெரிதாக்கிய படமாக ஒவ்வொரு மேசையிலும் ஒட்டிவைத்தால், சரியா தவறா என்று கேட்பதற்கு யாரும் கையைத் தூக்க மாட்டார்கள்.

உதவியாளர்களுக்கு நான் சொல்லும் விதி ஒன்றே ஒன்று: கற்பவரின் கையிலிருக்கும் கருவியை வாங்காதீர்கள். திணறுபவரைப் பார்த்தால் "இங்க குடுங்க, நான் போட்டுத் தரேன்" என்று சொல்லத் தோன்றும். அது அன்பால் வருவதுதான், ஆனால் அந்த நொடியிலேயே அவர் பார்வையாளராகிவிடுகிறார். ஆகவே எங்கள் உதவியாளர்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பார்கள். எதைச் சொல்வதானாலும் வாயால் சொல்ல வேண்டும், அல்லது வேறொரு வீண் போர்டில் தாம் செய்துகாட்ட வேண்டும். பன்னிரண்டு பேருக்கு இரண்டு உதவியாளர்கள் வேண்டும். ஒருவர் மட்டும் இருந்தால் காத்திருக்கும் நேரம் நீண்டுவிடும்.

விரலில் சூடுபட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, பேனா மை, ஐஸ் என்று ஆளுக்கொன்றைக் கொண்டுவருவார்கள். எதுவும் வேண்டாம், தண்ணீர் மட்டும். யார் முதலுதவிக்கு, யார் 108-க்கு அழைப்பது, யார் மெயினை அணைப்பது என்று வகுப்புக்கு முன்பே பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். மின்சாரத்தால் பிடிக்கும் தீக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் கதவருகே இருக்க வேண்டும், அறையின் கோடியில் இருந்தால் அதை எடுக்கப் போகிறவர் தீயைத் தாண்டிப் போக நேரிடும்.

இயந்திரங்கள் ஒன்றே ஒன்று இருக்கும்போது

கருவிக்கு ஒரு கை என்ற கணக்கு, விலையுயர்ந்த இயந்திரங்களிடம் வரும்போது உடைந்துவிடும். நாற்பது நிமிடம் ஆகும் ஒரு சாவிக்கொத்தைப் பன்னிரண்டு பேரும் ஒரே முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அடிக்க விரும்பினால் எட்டு மணி நேரம் ஆகும். எனவே அந்த வகுப்பில் ஒவ்வொருவரும் தம் கணினியில் வரைவதும், அச்சுக்குத் தயார் செய்வதும், அச்சுக்கான பிளாஸ்டிக் இழையை மாட்டிக் கழற்றுவதும்தான் கை வேலை. வரைந்தவற்றை வாரநாள்களில் அடித்து வைத்து அடுத்த வாரம் கொடுங்கள். கடற்கரை ஊரின் ஈரப்பதத்தில் பி.எல்.ஏ. என்னும் வகை பிளாஸ்டிக் இழை தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு, சூடான முனையில் வரும்போது படபடவென்று வெடித்து, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும். இறுக மூடும் அரிசி டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் அது வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும்.

லேசர் கட்டருக்குப் புள்ளிக் கோலத்தைவிட நல்ல பயிற்சி கிடையாது. மார்கழியில் நாங்கள் வைக்கும் வகுப்பில், வந்தவர்கள் முதலில் தாளில் ஐந்து புள்ளிக் கோலத்தைப் போடுகிறார்கள், பிறகு அதையே கணினியில் கோடுகளாக வரைந்து, 3 மி.மீ. பிளைவுட்டில் தேநீர்க் குவளை வைக்கும் தட்டாகச் செதுக்குகிறார்கள். எங்கே கோடு வெட்ட வேண்டும், எங்கே மேலாகச் செதுக்கினால் போதும் என்ற வேறுபாடு அந்த ஒரு தட்டிலேயே புரிந்துவிடுகிறது. கோலம் போடத் தெரிந்த பாட்டிமார்கள் இந்த வகுப்பில் பொறியாளர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். இயந்திரத்தின் முன் ஒரு நேரத்தில் இருவர் மட்டும், மற்றவர்கள் மேசையில்; இயந்திரம் ஓடும்போது அதைவிட்டு நகரக் கூடாது. ரெக்சின், பி.வி.சி. போன்றவற்றை லேசரில் வைக்கவே கூடாது. அவற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு நுரையீரலையும் கெடுக்கும், இயந்திரத்தின் உலோகப் பாகங்களையும் சில நாள்களில் துருவாக்கும். எந்தப் பொருள் என்று தெரியாத ஷீட்டை ஒருவர் கொண்டுவந்தால், அவர் எவ்வளவு வற்புறுத்தினாலும் மறுத்துவிடுங்கள்.

டிரில்லிங் இயந்திரத்தில் கையுறை வேண்டாம். பாதுகாப்பு என்று நினைத்துப் பலர் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். சுழலும் பிட் துணி நுனியைப் பற்றினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

பழுதுநீக்கும் நாள்

2009 அக்டோபரில் நெதர்லாந்துப் பத்திரிகையாளர் மார்ட்டீனே போஸ்ட்மா ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ரிப்பேர் கஃபே என்னும் முறை, நம் ஊருக்கு வெகு இயல்பாகப் பொருந்துகிறது, ஏனெனில் எதையும் தூக்கிப் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பார்க்கும் பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை, வீட்டில் ஓடாமல் கிடக்கும் பொருளைக் கொண்டுவரலாம் என்று அறிவியுங்கள். இலவசமாகச் சரிசெய்து கொடுக்கும் கடையாக அது மாறிவிடாமல் இருக்க, பொருளுக்கு உரியவர்தான் ஸ்குரூவைக் கழற்ற வேண்டும் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு முறை ஓர் அம்மா மிக்ஸியைத் துணிப்பையில் சுமந்துகொண்டு பேருந்தில் வந்தார். "ரெண்டு மாசமா அம்மியிலதான் தம்பி அரைக்கிறேன், மோட்டாரே போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க" என்றார். அதைக் கவிழ்த்து வைத்து, அடியிலிருந்த சிறிய சிவப்புப் பட்டனைக் காட்டி, "அம்மா, நீங்களே அமுக்கிப் பாருங்க" என்றேன். அமுக்கினார், டக் என்றது, பிளக்கில் மாட்டியதும் ஓடியது. மாவு கெட்டியாகி மோட்டாருக்குச் சுமை கூடும்போது தானாக இணைப்பைத் துண்டிக்கும் ஓவர்லோடு பட்டன் அது. அதோடு விடாமல், கார்பன் பிரஷ் எங்கே இருக்கிறது, தேய்ந்தால் எப்படித் தெரியும், ஜாரின் அடியிலுள்ள கப்ளர் பல் மழுங்கினால் என்ன ஓசை வரும் என்பதையெல்லாம் அவர் கையாலேயே கழற்றிப் பார்த்தார். அடுத்த மாதம் பக்கத்து வீட்டாரின் மிக்ஸியோடும் அவரே வந்தார். அதைத் திறந்ததும் அவர்தான்.

மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்று வருபவர்களுக்குப் பெரும்பாலும் கண்டென்சர் என்று கடையில் சொல்லும் கெப்பாசிட்டர்தான் காரணம். சாதாரண சீலிங் ஃபேனில் 2.5 மைக்ரோஃபாரட் இருக்கும். பழையதன் மேல் அச்சிட்டிருக்கும் அதே அளவைத்தான் மாற்ற வேண்டும். வீட்டில் அதை மாற்றப் போகிறவரிடம், சுவிட்சை அணைத்தால் போதாது, மெயினையே அணைக்க வேண்டும் என்று மறக்காமல் சொல்லுங்கள். சில பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரல் கம்பியில் போடப்பட்டிருக்கும், அணைத்த பிறகும் விசிறியில் மின்சாரம் இருக்கும். சரிசெய்த எந்தப் பொருளையும் நேராக பிளக்கில் மாட்டாமல், 100 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்த சீரியஸ் லேம்ப் போர்டில் முதலில் மாட்டுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், வேறொன்றும் ஆகாது. மைக்ரோவேவ் அடுப்பு, பழைய படக்குழாய்த் தொலைக்காட்சி, உப்பிய லித்தியம் பேட்டரி ஆகிய மூன்றையும் இந்த நாளில் திறக்கக் கூடாது. முதல் இரண்டில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும்.

பழகுவதற்குப் பழைய பொருள்கள் வேண்டுமானால் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போங்கள். ஓடாத ரேடியோ, கைப்பிடியில்லாத இழைப்புளி, பழைய ஸ்பேனர் செட் எல்லாம் அங்கே கிடைக்கும், அவற்றை உடைத்தாலும் யாருக்கும் வருத்தமில்லை.

சொல்லிக்கொடுப்பவர் யார்?

கல்லூரியிலிருந்தும் மென்பொருள் நிறுவனங்களிலிருந்தும் தன்னார்வலர்கள் எளிதாகக் கிடைப்பார்கள், அவர்கள் வரட்டும். ஆனால் உங்கள் தெருவிலேயே மோட்டாருக்குக் காயில் கட்டுபவர், கதவுக்கு இழைப்புளி போடும் ஆசாரி, பிளவுஸ் தைப்பவர் ஆகியோர் இருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளாக அந்த ஒரு வேலையைச் செய்த கையைவிட நல்ல ஆசிரியர் இல்லை. அவர்களை அழைக்கும்போது, ஒரு நாள் கூலியை அவர்கள் இழக்கிறார்கள் என்பதை உணர்ந்து, அதற்குக் குறையாத தொகையை வகுப்பு தொடங்கும் முன்பே உறையில் போட்டுக் கொடுங்கள். அறிவிப்பில் அவருடைய பெயர் முதலில் வரட்டும். மேடையேறிப் பேசிப் பழகாதவர் என்பதால், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, "ஏண்ணே இந்த இடத்துல உளியைத் திருப்பிப் பிடிச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் போதும், அவர் தமக்குத் தெரியும் என்று அறியாமலே வைத்திருப்பவை எல்லாம் ஒவ்வொன்றாக வெளிவரும்.

பூட்டுவதற்கு முன்

முடிவதற்கு இருபது நிமிடம் இருக்கும்போதே அயன்களை அணைத்துவிட வேண்டும். ஆறாத அயனைப் பெட்டியில் வைத்து மூடியதால் கருகிய ஒயர்கள் எங்களிடம் உண்டு. சுவர்ப் பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவையும் கோடாக வரைந்து வைத்தால், எது திரும்ப வரவில்லை என்பது பார்த்தவுடன் தெரியும். யாரையும் சந்தேகித்துக் கேட்கும் சங்கடம் நேராது. வெட்டிய கால்களையும் ஈயத் துணுக்குகளையும் குப்பையில் கொட்டாமல் ஒரு டப்பாவில் சேர்த்து, மின்னணுக் கழிவோடு கொடுங்கள். உப்புக் காற்றில் துருப்பிடிக்காமல் இருக்க உளி, ரம்பம் ஆகியவற்றை மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து மாட்டுங்கள். மெயினை அணைத்து, ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் பூட்டலாம்.

ஒரு வாரம் கழித்து, வந்த பன்னிரண்டு பேருக்கும் தொலைபேசியில் பேசி, "விளக்கு இன்னும் மின்னுதா?" என்று மட்டும் கேளுங்கள். நின்றுவிட்டது என்று சொல்பவரை அந்தப் போர்டோடு அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேட்டரி கிளிப்பின் ஒயர்தான் ஆடி விட்டுப்போயிருக்கும். வந்தவர் தாமே அயனைச் சூடேற்றி அதை ஒட்டிக்கொள்ளட்டும். எத்தனை பேருக்கு எந்த இடத்தில் விட்டுப்போனது என்பதை நோட்டில் குறித்துவைத்து, அடுத்த தவணை போர்டு அச்சிடக் கொடுக்கும்போது, கிளிப்பின் ஒயரை நுழைத்துப் பிடிப்பதற்கு இரண்டு துளைகளைக் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள்.